பயணக் களைப்பு என்று நீ சொன்னது

மகன், ஸலாம் சொல்லிவிட்டு நேராக விஷயத்துக்கு வருகிறேன். சுகம் விசாரிக்கிற கடிதம் இல்லை இது. நீ சுகமாக இல்லை என்பது எனக்குத் தெரியும். நேற்று சவூதியிலிருந்து நீ போனில் கதைத்த பிறகு எனக்கு இருப்புக் கொள்ளவில்லை. "இடது கால் இன்னும் மரத்துப்போய்த்தான் கிடக்கு உம்மா, முந்தியவிடக் கூடித்தான் இருக்கு, பயணக் களைப்பு முழுசா இறங்கல்ல. எங்கட கேம்ப்ல முதுகு இழுக்கிற ஆள் ஒருத்தர் இருக்கார். வெள்ளிக்கிழமை ஜும்ஆவுக்குப் பிறகு போறன். முறுக்கி ஒரு சொடக்கு எடுத்தாரெண்டா சரியாயிடும்" என்றாய். போகாதே என்றேன். நீ சிரித்தாய். "இதப் பத்தி உங்களுக்கு என்ன உம்மா தெரியும்?" என்றாய். கோபமாகக் கேட்கவில்லை, செல்லமாகத்தான் கேட்டாய். ஆனால் அந்தக் கேள்விக்கு என்னிடம் ஒரு பதில் இருக்கிறது, அதை ஐந்து வருடமாக உனக்கு ஒளித்து வைத்திருக்கிறேன். போனில் சொல்லத் தொடங்கினால் பாதியில் நான் அழுதுவிடுவேன், நீயும் லைன் சரியில்லை என்று வைத்துவிடுவாய். அதனால் எழுதுகிறேன். உன் தங்கச்சி பரீனா ஒவ்வொரு பக்கமாகப் படம் பிடித்து வட்ஸ்அப்பில் உனக்கு அனுப்புவாள். அனுப்புகிற சாக்கில் அவளும் வாசிப்பாள். வாசிக்கட்டும், அவளுக்கும் தெரியாத விஷயம்தான். பிள்ளையை வெளிநாட்டுக்கு அனுப்பிவிட்டு போனைப் பார்த்துக்கொண்டிருக்கிற உம்மாமார் இந்தக் கரையில் எத்தனையோ பேர். அவர்களில் யாருக்கு அவள் காட்டினாலும் எனக்கு ஒன்றுமில்லை. வெட்கத்தைப் பார்க்கிற கட்டம் தாண்டிவிட்டது.

நான் ஆலங்குடா ஹொட்டேலில் வெங்காயம் உரிக்கவில்லை மகன். உன் வாப்பா மௌத்தாகி, வீட்டுக்குள்ளேயே இருக்கிற இத்தாக் காலம் முடிந்து, நான் வேலைக்குப் போகத் தொடங்கிய முதல் மூன்று மாதம் குசினியில்தான் இருந்தேன், அது உண்மை. அதற்குப் பிறகு நான் உனக்குச் சொன்ன வெங்காயக் கணக்கெல்லாம் பொய். நம் ஊர்த் தோட்டங்களில் விளைகிற அத்தனையும் சேர்த்தாலும் நான் உரித்ததாகச் சொன்ன வெங்காயத்துக்குக் காணாது. மசாஜ் அறையில் பொம்பிளைகளுக்குப் பொம்பிளைதான் வேண்டும் என்று ஹொட்டேலை நடத்துகிற அம்மணி கேட்டார். பழக்கித் தந்தார்கள். விமானத்தில் வந்து இறங்குகிற வெள்ளைக்காரப் பொம்பிளைகளின் காலையும் முதுகையும் எண்ணெய் போட்டு நீவி விடுவதுதான் என் வேலை. அந்த அறைக்குள் ஆம்பிளை வாடை கிடையாது. வேலையில் எனக்கு வெட்கமும் இல்லை. அப்படியானால் ஏன் ஒளித்தாய் என்று கேட்பாய். நீ சவூதிக்குப் போன இரண்டாம் வருடம், நம் ஊர்ப் பொம்பிளை ஒருத்தி இதே வேலைக்குப் போகிறாள் என்று நான் சும்மா கதையோடு கதையாகச் சொன்னேன், ஞாபகமா? "நம்மட பொம்பிளைகள் வெள்ளக்காரிட காலப் புடிக்கிற அளவுக்கு வந்துட்டாங்களா உம்மா?" என்று கேட்டாய். கேட்டுவிட்டு நீ மறந்திருப்பாய். என் வாய் அன்றைக்குப் பூட்டிக்கொண்டது. மகன் அவமானப்படக் கூடாது என்று நினைத்தேன். உண்மையைச் சொன்னால், மகன் என்னைக் கேவலமாகப் பார்க்கக் கூடாது என்றுதான் நினைத்தேன். இரண்டும் ஒன்றில்லை என்பது இப்போதுதான் விளங்குகிறது.

காற்றடிக்கிற மாதங்களில் ஹொட்டேல் நிறைந்து வழியும். பட்டம் பிடித்துக்கொண்டு கடலில் வழுக்குகிற ஆட்கள் எங்கெங்கோ இருந்து வருவார்கள். வந்து இறங்கும்போது ஒருவருக்கும் பட்டம் பிடிக்கிற கோலம் இருக்காது. கால் இரண்டும் வீங்கிச் சப்பாத்துக்குள் போகாது, கழுத்து ஒரு பக்கம் பிடித்துக்கொண்டு நிற்கும், பகல் இரண்டு மணிக்குக் கதிரையில் இருந்தபடியே தூங்கி விழுவார்கள். அந்த மாதங்களில் ஒரு பெண் வைத்தியரும் ஒவ்வொரு வருடமும் வந்து ஹொட்டேலில் தங்கி வேலை செய்வார். கையாலேயே முதுகெலும்பைச் சரி பார்க்கிறவர், கைரோபிரக்டர் என்று அதற்குப் பெயர். நாங்கள் எல்லோரும் மிஸ் என்போம். அவர் இங்கிலீஷில் சொல்வதை ரிசப்ஷனில் இருக்கிற சிங்களப் பிள்ளை எனக்குச் சிங்களத்தில் சொல்லும். மிஸ்ஸிடம் எனக்குப் பிடித்தது என்ன தெரியுமா, அவருக்குக் கை ஓடுவதை விட வாய்தான் அதிகம் ஓடும். வந்து இறங்கிய அன்றைக்கு யார் கெஞ்சினாலும் சொடக்கு எடுக்க மாட்டார். தண்ணீர் குடி, வெறுங்காலோடு கரையில் நட, வெளிச்சத்தில் இரு, இந்த ஊர் ராத்திரிக்குத் தூங்கு என்று அனுப்பிவிடுவார். அடுத்த நாள் சுடுதண்ணீர்த் துவாயால் ஒத்தடம், அதற்குப் பிறகு என் எண்ணெய், அதற்கும் பிறகு, தேவைப்பட்டால் மட்டும், அவருடைய கை. "பயணக் களைப்பு மூன்று நாலு நாளில் தானாகவே போய்விடும். நாம் செய்வதெல்லாம் அது போகும் மட்டும் ஆளைச் சுகமாக வைத்திருப்பது, அவ்வளவுதான்" என்று ஒருநாள் சொன்னார். இவ்வளவு படித்த ஆள் தன் வேலையைப் பற்றி இப்படிக் குறைத்துச் சொல்கிறாரே என்று எனக்கு ஆச்சரியமாக இருந்தது.

தொடுவதற்கு முதல் அவர் கேட்கிற கேள்விகள் இருக்கின்றன. கை கால் மரத்திருக்கிறதா, எங்கே மரத்திருக்கிறது, பலம் குறைந்திருக்கிறதா, ஒன்றுக்கு இரண்டுக்குப் போவதில் ஏதும் மாற்றமா. முதலில் எனக்குச் சிரிப்பு வந்தது, கழுத்துப் பிடிப்புக்கு வந்தவளிடம் கக்கூஸ் கதை எதற்கு என்று. ஒரு தரம் ஒரு பொம்பிளை வந்தாள், உன்னை விட இரண்டு மூன்று வயதுதான் மூப்பு. பயணக் களைப்பு, இடுப்புப் பிடிப்பு, வேறொன்றும் இல்லை என்றாள். நான் பாதத்துக்கு எண்ணெய் போடும்போது, வழக்கமாகச் செய்வது போல என் உள்ளங்கையைப் புறங்காலில் வைத்து, மேலே தள்ளச் சொன்னேன். வலது கால் என் கையைத் தள்ளியது. இடது கால் தள்ளவில்லை. அவள் தள்ளுவதாகத்தான் நினைத்துக்கொண்டிருந்தாள், அது எனக்கு அவள் முகத்தில் தெரிந்தது. மிஸ்ஸைக் கூப்பிட்டேன். அவர் வந்து பார்த்தார், ஊசியால் லேசாகத் தொட்டுப் பார்த்தார், போய்க் கையைக் கழுவிக்கொண்டு வந்தார். "இது எங்கள் கைக்கு உரியது இல்லை" என்றார். முதுகில் ஒருவரும் கை வைக்கவில்லை. அந்த நிமிஷமே வேனில் ஏற்றிப் புத்தளம் ஆஸ்பத்திரிக்கு அனுப்பினார்கள், அங்கிருந்து கொழும்புக்குக் கொண்டு போனார்கள். முதுகெலும்புக்குள் நரம்பு நெரிந்திருந்ததாம். தாமதித்திருந்தால் கால் திரும்பியிருக்காது என்று பிறகு கேள்விப்பட்டோம். இதுதான் மகன் எனக்குத் தெரிந்தது. இவ்வளவும் தெரிந்துகொண்டுதான் நீ லீவில் வீட்டுக்கு வந்த அன்றைக்கு நான் சும்மா இருந்தேன்.

நீ வந்த விதத்தை நினைத்துப் பார். கேம்ப்பிலிருந்து விமான நிலையத்துக்குப் பதினொரு மணித்தியாலம் பஸ். நடுவில் வேறொரு நாட்டில் இறங்கி, எட்டு மணித்தியாலம் தரையில் குந்தியிருந்திருக்கிறாய். பிறகு கட்டுநாயக்காவிலிருந்து நம் எத்தாளை வரைக்கும் வேன், மடியில் பெட்டி. இரண்டு நாளாக நீ நீட்டி நிமிர்ந்து படுக்கவில்லை. வெள்ளைக்காரி ஒருத்தி இப்படி வந்திருந்தால் அவளைப் படுக்கச் சொல்லித் திரைச்சீலையை இழுத்து விட்டிருப்பேன். உன்னை என்ன செய்தேன்? குளிக்கச் சொல்லி, புதுச் சாரத்தை எடுத்துத் தந்து, ஸலாம் சொல்ல வீடு வீடாகக் கூட்டிக்கொண்டு போனேன். வெளிநாட்டிலிருந்து வந்த பிள்ளை வந்த அன்றே பெரியவர்களின் வாசலை மிதிக்காவிட்டால் அது ஒரு வருடத்துக்குக் கதையாக ஓடும் என்று பயந்தேன். ஏழு வீடு. ஏழு வீட்டிலும் பிளேன்டீ, ஏழு வீட்டிலும் கதிரையின் நுனியில் இருந்துகொண்டு சிரித்தாய். கடைசியாகப் பெரியம்மா வீட்டிலிருந்து வெளியே வரும்போது உன் இடது செருப்பு மணலில் கழன்று கிடந்தது. நீ தெரியாமல் நாலு எட்டு நடந்து போய்விட்டாய். பரீனாவின் மகள் ஹனாதான் தூக்கிக்கொண்டு ஓடி வந்தாள். "மாமா, உங்கட செருப்ப விட்டுட்டுப் போறீங்க!" எல்லோரும் சிரித்தார்கள். "பிளேன் ஆட்டம் இன்னும் தலையை விட்டுப் போகல்ல" என்று பெரியம்மா பகடி விட்டார். நானும் சிரித்தேன். சிரித்துக்கொண்டே உன் காலைத்தான் பார்த்துக்கொண்டு வந்தேன். செருப்பு கழன்றதை ஒரு மனிதனுடைய கால் எப்படி அறியாமல் போகும்?

அன்றைக்குப் பின்னேரம் நீ பாயில் சாய்ந்ததும் நான் தேங்காயெண்ணெயைச் சூடாக்கிக்கொண்டு வந்து உன் காலடியில் இருந்தேன். நீ வேண்டாம் என்றாய். பிறகு விட்டாய். கொஞ்ச நேரத்தில் கண்ணை மூடிக்கொண்டே, "உம்மா, இப்படிக் கை வைக்க எங்க பழகினீங்க?" என்று கேட்டாய். அல்லாஹ் எனக்கு ஒரு கதவைத் திறந்து வைத்தான், நீயே திறந்து வைத்தாய். நான் என்ன சொன்னேன்? "ஆட்டுக்குத் தடவித் தடவிப் பழகினதுதான்" என்றேன். நீ விழுந்து விழுந்து சிரித்தாய். சிரித்து முடிந்ததும் நான் உள்ளங்கையைப் புறங்காலில் வைத்து, தள்ளு மகன் என்றேன். வலது கால் தள்ளியது. இடது கால் தள்ளவில்லை. "களைப்பு உம்மா, தூங்கினா சரி" என்றாய். ஓம் என்றேன். அந்த ஒரு சொல்லை நான் எத்தனையோ தரம் திரும்பி எடுக்கப் பார்க்கிறேன். தெரியும் என்று சொன்னால் எப்படித் தெரியும் என்று கேட்பாயே என்ற பயம்தான். என் பொய் உன் காலை விடப் பெரிதாகத் தெரிந்தது எனக்கு.

அடுத்த நாள் நடந்ததை எழுதக் கை வரவில்லை, ஆனாலும் எழுதத்தான் வேண்டும். நம் வீட்டு வழக்கம் உனக்குத் தெரியும். உன் வாப்பா கடலுக்குப் போய் வந்தால் குப்புறப் படுத்துக்கொண்டு, "வாங்க வாப்பா, முதுக மிதிங்க" என்று செல்லமாக உன்னையே வாப்பா என்று கூப்பிடுவார். நீ சுவரைப் பிடித்துக்கொண்டு அவர் முதுகில் ஏறி நடப்பாய். ஐந்து வயதில் ஏறினாய், ஒன்பது வயதாகியும் இறங்க மனமில்லை, அவர் மூச்சு முட்டி உன்னை உதறித் தள்ள வேண்டியிருந்தது. அந்த ஞாபகத்தில்தான் நீ ஹனாவைக் கூப்பிட்டாய். "மாமாட முதுக மிதிங்க பாப்பம், உங்கட வாப்பப்பாக்கு சின்னதில நான் மிதிச்ச மாதிரி." அவள் சந்தோஷத்தில் குதித்துக்கொண்டு ஏறினாள். பரீனா கைதட்டினாள். நான் குசினி வாசலில் அகப்பையோடு நின்றேன். இறங்கு என்று கத்தியிருக்க வேண்டும். என் கை மேலே போனதை ஹனா கண்டு, நானும் விளையாட வருகிறேன் என்று நினைத்துச் சிரித்தாள். மிதிக்கக் கூடாது என்பது எனக்குத் தெரிந்த அளவுக்கு அந்த வீட்டில் ஒருவருக்கும் தெரியாது. "பத்திரம்" என்று மட்டும்தான் சொன்னேன். ஒரு சத்தம் வந்தது. "ஆ, சொடக்கு விழுந்துட்டு!" என்று நீயே சொன்னாய். எழும்பும்போது கதிரையைப் பிடித்துக்கொண்டு எழும்பினாய். "சுகமா இருக்கு உம்மா" என்றாய். நீயும் என்னைப் போலவே பொய் சொல்லுகிறாய் மகன், யாரைக் குறை சொல்ல?

மிதித்ததால்தான் இப்படி ஆனதா என்று நேற்றுப் பின்னேரம் மிஸ்ஸிடம் கேட்டேன். உன் பெயரைச் சொல்லாமல், எனக்குத் தெரிந்த ஒரு பிள்ளை என்றுதான் தொடங்கினேன். ரிசப்ஷன் பிள்ளை என் முகத்தைப் பார்த்துவிட்டு, "ஒயாகே புதாத?" என்று கேட்டது, உங்கட மகனா என்று. அதற்கு மேல் என்னால் மறைக்க முடியவில்லை. மிஸ் என்னை அந்த மசாஜ் மேசையிலேயே இருத்தி, முழுக்கதையையும் கேட்டார். "அதனால்தான் என்று சொல்ல முடியாது, அதனால் இல்லை என்றும் சொல்ல முடியாது. முதலே இருந்திருக்கலாம்" என்றார். ஏசியிருந்தால் கூட ஆறுதலாக இருந்திருக்கும். நீ திரும்பிப் போய் இரண்டு கிழமையாகியும் மரப்பு குறையவில்லை, கூடித்தான் இருக்கிறது என்று சொன்னதும் அவர் முகம் மாறியது. அந்தக் கேம்ப் மனிதன் எப்படிப்பட்ட ஆளாக இருந்தாலும் சரி, மிஸ் தானே அங்கே வந்து பார்ப்பதாக இருந்தாலும் சரி, இந்த முதுகில் இப்போது யாரும் கை வைக்கக் கூடாது என்றார். ஆஸ்பத்திரி, ஸ்கேன், அதற்குப் பிறகுதான் மற்றதெல்லாம். சொல்லிவிட்டு என் கையைப் பிடித்துக்கொண்டார். நாளெல்லாம் மற்றவர்களைப் பிடித்து விடுகிற கை, என் கையை யாராவது பிடித்து எவ்வளவு காலம்! அங்கேயே அழுதுவிட்டேன்.

நீ ஏன் ஆஸ்பத்திரிக்குப் போகாமல் ஒளிகிறாய் என்பது எனக்குத் தெரியாதென்று நினைக்காதே. தண்ணீர் பவுசர் லொறி ஓட்டுகிறவனுக்குக் கிளட்ச் மிதிக்கிறது இடது கால். கால் சரியில்லை என்று கம்பெனிக்குத் தெரிந்தால் விசாவைக் கென்சல் பண்ணி அனுப்பிவிடுவார்கள் என்று பயப்படுகிறாய். அனுப்பலாம். அனுப்ப மாட்டார்கள் என்று பொய்யாக ஆறுதல் சொல்ல மாட்டேன், பொய்யோடு நான் பட்டது போதும். ஆனால் கிளட்சை மிதிக்கிறேன் என்று நீ நினைத்துக்கொண்டிருக்கும்போது உன் கால் மிதிக்காமல் இருந்தால்? செருப்பு கழன்றது உனக்குத் தெரியவில்லையே மகன். அந்தப் பவுசருக்கு முன்னால் நிற்கிறவனும் யாரோ ஒரு உம்மாவின் பிள்ளைதான். நீ அனுப்பப்பட்டு வந்தால் வா. நானும் உழைக்கிறேன், என்ன உழைக்கிறேன் என்பது இப்போது உனக்குத் தெரியும். அது உனக்கு வெட்கமாக இருந்தால் இரண்டு நாள் என்னோடு கதைக்காமல் இரு. கால் நடக்கிற மகன் என்னோடு கதைக்காமல் இருந்தால் எனக்கு அது பெரிய விஷயம் இல்லை.

நான் செய்யக்கூடியது எதுவும் இல்லை என்பதுதான் என்னைக் கொல்லுகிறது. முன்பின் தெரியாத பொம்பிளைகளின் களைப்பை இந்தக் கை ஒவ்வொரு நாளும் இறக்கி வைக்கிறது. உன் முதுகு எத்தனையோ கடலுக்கு அப்பால் இருக்கிறது, கிட்ட இருந்தாலும் நான் தொடக் கூடாத முதுகு அது. இன்றைக்குக் காலையில் வேலைக்குப் போக பஸ்ஸுக்கு நின்றேன், பஸ் வந்தது, ஏறவில்லை. இன்றைக்கு வர முடியாது என்று போன் பண்ணிச் சொல்லிவிட்டுத் திரும்பி வந்து இதை எழுதுகிறேன். துஆக் கேட்கிறேன், கேட்டுக்கொண்டே இருக்கிறேன். ஆனால் ஆஸ்பத்திரி வாசலுக்கு உன்னைத் தள்ளிக்கொண்டு போக என் துஆவுக்குக் கை கிடையாது, நீயேதான் போக வேண்டும். போனதும் இந்த மூன்று விஷயத்தையும் சொல்லு: இடது கால் மரத்திருக்கிறது, பாதத்தை மேலே தூக்க முடியவில்லை, வர வரக் கூடுகிறது. களைப்பு என்ற சொல்லை மட்டும் அங்கே சொல்லாதே. நீ சொன்னால் அவர்களும் அதையே எழுதிக்கொண்டு ஒரு மருந்தைத் தந்து அனுப்பிவிடுவார்கள். இரண்டு தொடைக்கும் நடுவில் மரத்தாலோ, ஒன்றுக்குப் போவதில் மாற்றம் வந்தாலோ, ஒரு மணித்தியாலம் கூடப் பார்த்துக்கொண்டு இருக்காதே. உம்மாவிடம் சொல்ல வெட்கமென்றால் சொல்ல வேண்டாம், டொக்டரிடம் சொல்லு.

இன்றைக்குப் புதன்கிழமை. வெள்ளிக்கு இன்னும் இரண்டு நாள் இருக்கிறது. நீ என்னை நம்ப வேண்டிய அவசியமில்லை, ஐந்து வருடம் வெங்காயம் உரித்தவளை எப்படி நம்புவாய்? உன் காலை நம்பு. இதை வாசித்து முடித்ததும் எழும்பு. கட்டில் இரும்பை ஒரு கையால் பிடித்துக்கொள். இரண்டு குதிக்காலிலும் நின்று, விரல்களை மேலே தூக்கு. கண்ணால் பார், மனதால் பார்க்காதே. வலது தூக்கும். இடது தூக்கினதா இல்லையா என்று எனக்குச் சொல்லு. போன் என் கையில்தான் இருக்கிறது. எதுவானாலும் உண்மையைச் சொல்லு மகன், பொய் சொல்ல இந்தக் குடும்பத்தில் நான் ஒருத்தி இருந்தது போதும்.